தண்டவாளம் பக்கத்தில், வெங்காயம் லொறியில்

சுன்னாகம் சந்தையிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். ஆனாலும் இங்கிருந்து தெற்கே போகும் வெங்காயமும் கத்தரிக்காயும் ஏ-9 வீதியில் லொறியில்தான் போகின்றன. முன்பு அப்படியில்லை. 1990இல் யுத்தம் ரயிலை நிறுத்தும்வரை காங்கேசன்துறைச் சீமெந்து இந்தப் பாதையால்தான் தெற்குக்குப் போனது.

2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பி வந்தது. இந்தியக் கடனில் போட்ட பாதை. ஆட்கள் ஏறினார்கள், சரக்கைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை.

லொறியைக் குறை சொல்வதற்கில்லை. தோட்டத்தடியில் ஏற்றித் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் வாசலில் இறக்க லொறியால்தான் முடியும். அந்த ஊருக்குத் தண்டவாளமே கிடையாது. ஆனால் லொறியை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதை 2022 காட்டியது. வருடத் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் ஜூன் இறுதியில் 460 ரூபா. இந்தச் சுமையை வியாபாரி தன் தலையில் வைத்துக்கொள்வதில்லை. தெற்கில் கிடைக்கும் விலையில் லொறி வாடகையைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் தோட்டக்காரருக்கு விலையாகச் சொல்வார். நம்மவர்களில் வியாபாரம் செய்வோரும் இப்படித்தான் கணக்குப் பார்க்கிறார்கள். இதற்குமேல் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ 'கழிவு' வேறு (அது தனியாக எழுத வேண்டிய கதை). என் வகுப்பில் தோட்டக்காரரின் பிள்ளைகள் பலர். விலை விழுந்த கிழமையில் கொப்பி வாங்காமல் வருகிறவர்கள் அவர்கள்தான்.

மோட்டார் சைக்கிளைப் பொதியாக ஏற்றும் ரயிலில் வெங்காய மூட்டையை ஏற்ற முடியாதா? முடியும், ஆனால் சிக்கல் உண்டு. கொழும்பில் இறக்கிப் பேலியகொடை மெனிங் சந்தைக்கு மறுபடி வாகனம் பிடிக்க வேண்டும். நாட்டாமைக் கூலி இரண்டு தடவை, மரக்கறி நசிவதும் இரண்டு தடவை. அதனால் கீரையையும் தக்காளியையும் லொறிக்கே விட்டுவிடலாம். கெட்டுப்போகாமல் தாங்கும் வெங்காயம், பூசணி, புகையிலை ஆகியவற்றோடு தொடங்கினால் போதும். காலைச் சந்தை முடிந்து இரவுத் தபால் ரயில் புறப்படுவதற்கிடையில் ஏற்ற நேரம் இருக்கிறது. அதில் ஒரு சரக்குப் பெட்டியும், நிலையத்தில் மழை நனையாத ஒரு கொட்டகையும் கேட்டு விவசாயிகளும் வர்த்தகர்களும் ஒரே மனுவில் கையெழுத்திட வேண்டும். தனித்தனியாகப் போனால் ரயில்வே திணைக்களம் இருவரையும் திருப்பி அனுப்பிவிடும்.