அடிக்கச் சொல்லி ஒப்படைக்காதீர்கள்

"கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு, தோலை உரிச்சிடுங்க டீச்சர்." வேப்பந்தட்டைப் பக்கமானாலும் செந்துறைப் பக்கமானாலும், ஒன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களில் பலர் இதைச் சொல்லாமல் போவதில்லை. பிள்ளை பக்கத்திலேயே அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதன் காதில் விழாதா? ஆசிரியர் மேல் உள்ள மரியாதையில்தான் சொல்கிறீர்கள், தெரியும். நானும் பிள்ளை பெற்றவள்தான், அந்த உரிமையில் சொல்கிறேன்: இது மரியாதை ஆகாது. என்னைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று முதல் நாளே அதற்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். ஜூனில் பள்ளி திறந்தால், அந்தப் பயத்தைப் போக்கவே ஆடி மாதம் பிறந்துவிடுகிறது.

பயந்த பிள்ளை படிக்காது, மறைக்கத்தான் பழகும். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எட்டும் ஐந்தும் எத்தனை என்று கேட்டால் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். உதடு அசையும், விடை தப்பாக வரும். பிறகுதான் தெரிந்தது: வீட்டில் விரல் விட்டு எண்ணினால் முட்டியில் கரண்டி அடி. அதனால் ஒளித்து எண்ணினான். கண்ணால் பார்க்காமல் எண்ணினால் ஒரு விரல் தவறத்தானே செய்யும்? தவறினால் மறுபடி அடி. விரல் விடுவதில் என்ன குற்றம் கண்டீர்கள்? ஆறு வயதுக்கு எண் என்பது தொட்டுப் பார்க்கிற பொருள். அவனைத் தரையில் உட்கார வைத்து, நம் ஊரில் பஞ்சமில்லாத மக்காச்சோள மணிகளைக் கொட்டினேன். எட்டு ஒரு பக்கம், ஐந்து ஒரு பக்கம். ஐந்திலிருந்து இரண்டை எட்டோடு தள்ளினால் பத்து ஆகிறது, மிச்சம் மூன்று நிற்கிறது. இதை அவனே கண்டுபிடித்த அன்று கையை ஒளிக்காமல் முன்னால் வைத்துக்கொண்டு "பதிமூணு" என்று கத்தினான். நாள் போகப் போக விரலும் வேண்டியிருக்கவில்லை, மணியும் வேண்டியிருக்கவில்லை. கரண்டிக்கு இந்த வேலை தெரியாது.

நீங்கள் சொல்கிற இன்னொரு குறை, "வகுப்பே சந்தைக்கடை மாதிரி இருக்கு." ஆமாம், சத்தம் இருக்கும். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்ற நிலைக்கேற்ப உட்கார்ந்து பாடி, பேசி, அட்டை அடுக்கிப் படிக்கிறார்கள். கொரோனா காலத்தில் பள்ளி மூடிக் கிடந்ததில் எழுத்தே மறந்துபோன பிள்ளைகளுக்காகத்தான் அது வந்தது. அதற்கு முன்பு 2007-08லேயே செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்துவிட்டது. இளம் தாய்மார்களே, உங்களில் சிலர் பாயில் உட்கார்ந்து அட்டை எடுத்துப் படித்தவர்கள்தான். உங்களுக்குப் பிடித்திருந்த வகுப்பு, உங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் கூடாது? இன்னொன்றும் கேட்கிறீர்கள், மனசு வலிக்கிறது: "அவங்க வீட்டுப் பிள்ளை மலரு, நம்மது மட்டும் ஏன் அரும்பு?" அரும்பு என்பது ரேங்க் இல்லை. இன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்லித் தர வேண்டும் என்று எனக்கு நானே போட்டுக்கொள்கிற குறிப்பு. பிள்ளை முன்னால் அதைக் கேட்டு, அதன் தலையைக் குனிய வைக்காதீர்கள்.

பிரம்பு இல்லாமல் எப்படி அடக்குகிறீர்கள் என்று கேட்பீர்கள். முதல் வாரத்தில் பிள்ளைகளே விதி சொல்கிறார்கள், நான் சார்ட்டில் எழுதுகிறேன்: ஒருத்தர் பேசும்போது மற்றவர் கேட்கணும், பென்சிலைக் கேட்டுத்தான் எடுக்கணும். சத்தம் கூடினால் நான் கைதட்டுவேன், அவர்கள் திருப்பித் தட்டி அமைதியாவார்கள். அடுத்தவனை அடிக்கிற பையனிடம் நோட்டுகளை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பைத் தருகிறேன், கைக்கு வேலை வந்ததும் பாதிச் சண்டை குறைகிறது. உடனே நடந்துவிடாது. மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிரம்பால் உட்கார வைத்த வகுப்போ, ஆசிரியர் வாசலைத் தாண்டிய அடுத்த நிமிடமே எழுந்து ஆடும்.

அதோடு, நீங்கள் கேட்பது சட்டத்துக்கே விரோதம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் நான் அடிக்க முடியாது, அடிக்கவும் மாட்டேன்.

அதே சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கிற அதிகாரத்தை ஏன் தொடுவதே இல்லை? அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். கூட்டம் என்றால் அம்மாக்கள் சிலர் களையெடுப்பை விட்டுவிட்டு ஓடி வருகிறார்கள். சிமெண்ட் ஆலையில் ஷிப்டு, முந்திரிக் காட்டில் வேலை என்று வர முடியாதவர்களை நான் குறை சொல்லவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற அப்பாக்களைத்தான் சொல்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். என் பிள்ளை இந்த மாதம் எதைப் படிக்கக் கற்றான், எதில் தடுமாறுகிறான், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று எங்களை நிறுத்தி வைத்துக் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.