பிளக் புதுசு சரி, கேப் யார் பார்த்தது?

குர்கானில் கார் வைத்திருக்கும் நம்மாட்கள் இந்த வசனத்தைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது: "நயா பிளக் ஹை ஸார், கம்பெனி செட்டிங்." அதாவது, கேப் பார்க்கத் தேவையே இல்லையாம். ஆனால் பில்லில் மட்டும் 'பிளக் செக்கிங்' என்று ஒரு வரி இருக்கும், காசோடு. போன மாதம் நான் போன சர்வீஸ் சென்டரிலும் இதே கதைதான். எதை வைத்துச் செக் பண்ணினீங்க என்று கேட்டேன். கண்ணால் பார்த்தார்களாம்! 0.8 மி.மீ.க்கும் 1.1 மி.மீ.க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணாலேயே அளக்கிற ஆளுக்குக் கோயிலே கட்டலாம்.

கம்பெனி செட்டிங் என்பது பாதி உண்மை. என்ஜிகே பிளக் எண்ணின் கடைசியில் 11 என்று இருந்தால், 1.1 மி.மீ. கேப் வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சரி, உங்கள் வண்டிக்கு வேண்டியது 1.1தானா? அது அட்டைப்பெட்டிக்குத் தெரியாது, வண்டி மேனுவலுக்குத்தான் தெரியும். தவிர, வருகிற வழியில் பெட்டி ஒருமுறை கீழே விழுந்தால் போதும், மேலே வளைந்திருக்கும் கொக்கி அமுங்கிவிடும்.

அரை மில்லிமீட்டருக்கு இவ்வளவு அலட்டலா என்பவர்களுக்கு: கேப் அதிகமானால் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது. ஆள் ஏற்றி, ஏசி போட்டு, ஃப்ளைஓவர் ஏறும்போது சிலிண்டரில் அழுத்தம் கூடும், அங்கேதான் மிஸ்ஸிங் அடிக்கும். காயிலுக்கும் சுமை. எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பொசுக்கும். கேப் குறைந்தால் பொறி சின்னதாகி ஐடிலிங் ஆட்டம் காணும். தில்லிப் பக்கம் சிஎன்ஜி வண்டிகள் வேறு அதிகம். கேஸைப் பற்றவைக்க பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் தேவை. அதனால்தான் பல சிஎன்ஜி வண்டிகளுக்குக் கேப்பைக் குறைவாகச் சொல்கிறார்கள். இவர்களோ கேப்பை விட்டுவிட்டு, கிட் சரியில்லை என்று கதை அளப்பார்கள்.

ரோட்டோரக் கடைகளில் இன்னொரு கோஷ்டி. ஹேக்சா பிளேடைச் சொருகிப் பார்த்து "ஓகே" என்பார்கள். பாயிண்ட் வைத்த பழைய வண்டிகளுக்கு அது ஓரளவு ஒத்துவந்தது. இன்றைய வண்டிக்கு அதே பிளேடா?

இதில் வித்தை ஒன்றுமில்லை சாமி. எஞ்சின் ஆறியபின் பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை ஊதிவிட்டுக் கழற்றணும். கம்பி கேஜ் லேசாக உரசிக்கொண்டு போகணும். போகாவிட்டால் கொக்கியை மட்டும் வளைக்கணும், நடு எலெக்ட்ரோடை நெம்பவே கூடாது. இரிடியம் பிளக் என்றால் இன்னும் கவனம், நடுமுனை ஊசி மாதிரி, உடைந்துவிடும். திரும்பப் போடும்போது முதலில் கையால் திருகி, பிறகு டார்க் ரெஞ்ச். நாலு சிலிண்டருக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

அந்த அரை மணி நேரத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அடுத்த முறை பில்லில் 'பிளக் செக்கிங்' என்று கண்டால், நாலு பிளக்குக்கும் அளவை மி.மீ.யில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத முடியாதென்றால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். அளக்காத வேலைக்கு எதுக்கு சார் கூலி?