நேர் ரோட்டுக்கு எதற்கு எல்.எஸ்.டி.?

எல்.எஸ்.டி. என்றதும் பதறாதீர்கள். போலீஸ் தேடிப் பிடிக்கும் சமாசாரம் இல்லை இது. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். காருக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பல்சக்கரப் பெட்டி. ஆனால், இதற்கும் ஒரு போதை உண்டு.

ஞாயிறு விடியற்காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம், புதுப்பட்டினம், மரக்காணம் என்று விரட்டிக்கொண்டு போகும் கார்ப் பிரியர்களில் சிலருக்கு இப்போது இதுதான் பேச்சு. 'பிளேட் வைத்தது நல்லதா, முழுக்கப் பல்சக்கரமே உள்ளது நல்லதா?' டீ ஆறிப்போகும்வரை விவாதம்.

நான் கேட்பது அதற்கு முந்தைய கேள்வி. எந்த ரோட்டில் ஓட்டுவதற்கு, பாஸ்?

முதலில் சங்கதியைப் புரிந்துகொள்வோம். என்.சி.சி. பரேடு பார்த்திருப்பீர்கள். வரிசை அப்படியே இடப்பக்கம் திரும்பும்போது உள்கோடியில் இருப்பவன் நின்ற இடத்திலேயே காலை மாற்றுவான். வெளிக்கோடியில் இருப்பவன் எட்டிப்போட்டு நடப்பான். காரும் அப்படித்தான். சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் இருந்தால், ஒரு முனையில் செங்குத்தாகத் திரும்பும்போது வெளிச்சக்கரம் சுமார் 2.4 மீட்டர் கூடுதலாக உருள வேண்டும். அதற்கு அனுமதி கொடுப்பதுதான் சாதாரண டிஃபரன்ஷியல்.

அதற்கு ஒரு பலவீனம் உண்டு. இரண்டு சக்கரங்களுக்கும் சமமான விசையைத்தான் தரும். ஒன்று பிடி இழந்து சுற்றினால், பிடி உள்ள சக்கரத்துக்கும் அதே அற்ப விசைதான் போகும். 1930-களில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களில் இதுதான் தலைவலி. ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த அந்தக் கார்களுக்காக ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் தீர்வு கண்டது. ஆக, பந்தயத்துக்காகப் பிறந்த சரக்கு இது.

இதில் இரண்டு வகைகள் முக்கியம். கிளச் பிளேட் வகை இரண்டு சக்கரங்களையும் இறுக்கிப் பிடிக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கினாலும் மற்றதைத் தள்ளும். ஆனால் பிளேட் தேயும், அதற்கென்று தனி ஆயில் வேண்டும், பார்க்கிங்கில் திருப்பினால் கடகடவென்று முனகும். ஹெலிக்கல் பல்சக்கர வகை அமைதியானது. முன்சக்கரம் இழுக்கும் கார்களுக்குத் தோதானது. பிடி குறைந்த சக்கரம் தாங்கும் விசையைப்போல இரண்டு மூன்று மடங்கை மற்றதற்குக் கொடுக்கும். ஆனால் ஒரு சக்கரம் தரையைவிட்டு எழும்பிவிட்டால்? பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

இன்னொன்றும் உண்டு. பிடி இழந்த சக்கரத்தில் கம்ப்யூட்டரே லேசாகப் பிரேக் போட்டு, விசையை மறுபக்கம் திருப்பிவிடும் வித்தை. நல்ல வித்தைதான். ஆனால் அதையும் எல்.எஸ்.டி. என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். பெட்டி பழைய பெட்டிதான். வேலை செய்வது பிரேக்.

சரி, இந்த மூன்றும் எப்போது உதவும்? வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை அமுக்குகிறீர்களே, பெரும்பாலும் அந்தச் சில நொடிகளில்தான். சேற்றிலும் மணலிலும் சிக்கினால் உதவும். 2020-ல் வந்த மஹிந்திரா தாரின் பின் ஆக்ஸிலில் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் கொடுத்தார்கள். அந்த வண்டிக்கு அது நியாயம். ஆனால் ஈ.சி.ஆர். பெரும்பாலும் நேர் ரோடு. நேர் ரோட்டில் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். அங்கே எல்.எஸ்.டி.க்கு என்ன வேலை? சும்மா உட்கார்ந்து வரும் வேலை!

'மழையில் பாதுகாப்புதானே சார்?' என்பார்கள். பின்சக்கரம் தள்ளும் காரில் கதை நேர்மாறு. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுற்றும், மற்றது பக்கவாட்டுப் பிடியை ஓரளவு காப்பாற்றும். இறுக்கமான பிளேட் வகையில் ஈரத்தில் அதிகமாக அமுக்கினால் இரண்டும் ஒன்றாக வழுக்கும். கார் பம்பரமாகும்.

வணிகவியல் படித்தவனுக்கு எந்தச் செலவைப் பார்த்தாலும் 'இதனால் என்ன வரவு?' என்றுதான் கேட்கத் தோன்றும். வெளிநாட்டுப் பெட்டி, இறக்குமதி வரி, கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டும் கூலி, கழற்றியதே கழற்றினோம் என்று புதுக் கிளச்... லட்சத்தைத் தாண்டிவிடும். கம்பெனி வாரன்ட்டி கேள்விக்குறியாகும். இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் மாற்றியிருந்தால் விபத்து நாளில் அவர் கையை விரிக்கக்கூடும். வரவு? நேர் ரோட்டில் வெறும் ஜம்பம்.

இப்போது உண்மையான கணக்குக்கு வருவோம். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறீர்கள். ஆபத்தைக் கண்டு, காலை எடுத்து, பிரேக்கை மிதித்து வண்டி நிற்பதற்குள், உலர்ந்த ரோட்டில் நல்ல டயர் இருந்தாலே சுமார் 95 மீட்டர் ஓடிவிடும். 140-ல் போனால் சுமார் 160 மீட்டர். வேகம் நாற்பது சதவிகிதம்தான் ஏறியது. தூரமோ எழுபது சதவிகிதத்துக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது. இதில் ஓர் அடியைக்கூட எல்.எஸ்.டி. குறைக்காது.

புதுப்பட்டினம் வெறும் மைல்கல் இல்லை. கல்பாக்கம் குடும்பங்கள் காய்கறி வாங்க வரும் கடைத்தெரு. பஸ்ஸுக்கு நிற்பவர்கள், சைக்கிள் பிள்ளைகள், குறுக்கே வரும் ஆடு மாடு எல்லாம் உண்டு. அவர்களுக்கு நடுவே பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே மூன்று மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு உயிருக்கு 5,000 ரூபாய் மலிவுதான். அந்தக் கோபம் தனியாக இருக்கட்டும்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது நாமெல்லாம் கைதட்டினோம். அவர்களின் போர்ஷே ஜிடி3 கப் காரிலும் எல்.எஸ்.டி. உண்டு. ஆனால் அங்கே வேலி உண்டு, கொடி காட்டும் ஆள் உண்டு, தயாராக ஆம்புலன்ஸ் உண்டு. எதிரே டவுன் பஸ் வராது.

நமக்கும் அப்படி ஓர் இடம் இல்லாமல் இல்லை. சோழவரம் பழைய விமானத் தளத்தில் பந்தயம் பார்த்த ஊர் இது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தனிக் களமே அமைத்தது. சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். புதுப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டு வழியாக சுமார் இரண்டு மணி நேரம்.

எனவே, ஆசையை விடுங்கள் என்று சொல்ல மாட்டேன். வரிசையை மாற்றுங்கள். முதலில் நல்ல டயர். அடுத்து பிரேக் பேடும் ஆயிலும். மூன்றாவது, களத்தில் ஒரு பயிற்சியாளரோடு சில நாட்கள். அதற்கப்புறமும் வளைவில் உள்சக்கரம் சுற்றி நேரத்தைத் தின்கிறது என்றால், தாராளமாக எல்.எஸ்.டி. வாங்குங்கள். முன்சக்கரக் காருக்கு ஹெலிக்கல். களமே கதி என்று இருப்பவருக்குப் பிளேட்.

அதுவரை புதுப்பட்டினத்தில் ரோட்டைக் கடக்கும் மீன்கூடை அம்மாவுக்கு வழிவிடுங்கள். உங்கள் பெட்டி எந்த வகை என்பது அவருக்கு வேண்டாத விஷயம். நீங்கள் நிறுத்துவீர்களா, மாட்டீர்களா என்பதுதான் அவருடைய கேள்வி.