டோக்கியோவில் ரெண்டு வாண்டுகள்

ஜப்பானுக்கு வேலைக்குப் போகிற நம் பையன்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் மூன்றுதான். மாசம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்? சாப்பாட்டுக்கு என்ன பண்றது? பூகம்பம் வருமாமே? மூன்றுமே கல்யாணம் ஆகாதவன் கேட்கிற கேள்விகள். கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று விமானத்தில் ஏறுகிறவனுக்குக் கேள்விகளே வேறு. அவனுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. சொல்ல வேண்டியவன் வீட்டில் டயபர் மாற்றிக்கொண்டிருப்பான்.

நாங்கள் நாலு பேர். நான், மனைவி, பையன், பெண். வந்து இறங்கியபோது பெரியவனுக்கு ஆறு, சின்னதுக்கு மூணு. டோக்கியோவின் கிழக்கே எதொகவா வார்டில் நிஷி-கசாய் என்ற இடம். அந்த நகரத்தின் 23 வார்டுகளில் இந்தியர்கள் அதிகம் இருப்பது இங்கேதான். பெரிய சரித்திரக் காரணம் ஒன்றும் இல்லை. 2000-வது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிப் போகும் என்று உலகமே பயந்ததே, அந்தப் பயத்தைத் தீர்க்க நம் எஞ்சினீயர்கள் வந்து இறங்கினார்கள். ஆபீஸ்கள் இருக்கிற ஒத்தெமாச்சிக்கு இங்கிருந்து தோஸாய் லைனில் வண்டி மாறாமல் போகலாம். முதலில் வந்தவன் இங்கே வீடு பிடித்தான். அவனைப் பார்த்து அவன் நண்பன். இப்போது கறிவேப்பிலை, துவரம் பருப்பு, இட்லி அரிசி எல்லாம் நடக்கிற தூரத்தில் கிடைக்கிறது.

வீடு பிடிக்கிற படலம் தனிப் புராணம். அங்கே 'ரெய்கின்' என்று ஒரு வழக்கம் உண்டு. நன்றிப் பணம் என்று அர்த்தம். எனக்கு வீடு கொடுத்தீர்களே, ரொம்ப நன்றி என்று வீட்டுக்காரருக்கு ஒரு மாசமோ இரண்டு மாசமோ வாடகையைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். திரும்ப வராது. நம் ஊர் வீட்டுக்காரர்கள் காதில் இது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது போக டெபாசிட் தனி, தரகு தனி, ஜாமீன் கம்பெனிக்குத் தனி. வெளிநாட்டுக்காரன் என்றாலே தலையாட்டி மறுக்கிறவர்களும் உண்டு. மறுக்கும்போதும் குனிந்து வணங்கித்தான் மறுப்பார்கள். அதனால் குடும்பஸ்தர்கள் பலர் 'யூ.ஆர்.' என்கிற அரசு சார்ந்த குடியிருப்புகளுக்குப் போகிறார்கள். நன்றிப் பணம் கிடையாது, தரகு கிடையாது, ஜாமீனும் கேட்பதில்லை. நாங்களும் அப்படித்தான்.

அறைகளின் அளவைப் பாயில் சொல்கிறார்கள். ஆறு பாய் அறை, நாலரைப் பாய் அறை. பாய் என்றால் அவர்களுடைய தத்தாமி. எங்கள் வீட்டில் மொத்தம் பதினாறு பாய். அதில் இரண்டு பாய் எப்போதும் பொம்மைகளின் வசம்.

குடியேறின பதினாலு நாளுக்குள் வார்டு ஆபீஸில் விலாசத்தைப் பதிய வேண்டும். அங்கேயே மருத்துவ இன்ஷூரன்ஸ் விவரமும் சொல்வார்கள். இதுதான் குடும்பஸ்தனுக்கு நிஜமான நல்ல செய்தி. பெரியவர்கள் டாக்டர் செலவில் 30 சதவீதம் கட்டினால் போதும். டோக்கியோவின் 23 வார்டுகளில் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. 2023 ஏப்ரலிலிருந்து பள்ளிக்கூடம் முடிக்கிற 18 வயது வரைக்கும் அந்தச் சலுகையை நீட்டிவிட்டார்கள். ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தைக்கு ஜுரம் அடித்தால் போனில் கேட்டுக்கொள்ள 8000 என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். முன்னால் ஒரு ஹாஷ் போட வேண்டும்.

குப்பையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எரிகிற குப்பை, எரியாத குப்பை, பாட்டில், பேப்பர், அதற்கு ஒவ்வொரு கிழமை, காக்காய் கொத்தாமல் மேலே வலை. மூன்று மாசத்தில் பழகிவிடும். விட்டுத் தள்ளுங்கள்.

பழகாதது சத்தம். ஜப்பானியக் குழந்தைகளும் ஓடும்தான். ஆனால் அவை எப்போது ஓட வேண்டும் என்று தெரிந்து ஓடுகின்றன. நம் வாண்டுகள் சாயங்காலம் சோபாவிலிருந்து குதிப்பதைப் பிறப்புரிமையாக நினைக்கின்றன. குடிவந்த முதல் வாரமே மனைவி மேல் வீடு, கீழ் வீடு, இரண்டு பக்கத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் போய் ஒவ்வொரு டவல் பாக்கெட் கொடுத்து, "குழந்தைங்க இருக்காங்க, மன்னிச்சுக்கோங்க" என்று மனப்பாடம் பண்ணின ஜப்பானியத்தில் சொல்லிவிட்டு வந்தாள். அங்கே அதுதான் வழக்கம். கீழ் வீட்டில் ஒரு தாத்தா. "டைஜோபு, டைஜோபு" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். பத்தாவது நாள் லிப்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ். 'குடியிருப்போர் அனைவரின் கவனத்துக்கும்: நடக்கும் சத்தம் எதிர்பாராத தூரம் கேட்கும்.' அனைவரும் என்று போட்டிருந்தாலும் அந்த மாடியில் ஓடுகிற கால்கள் நாலுதான். அன்றே தரை முழுக்கத் தடிமனான ஸ்பாஞ்ச் பாய் விரித்தோம். தாத்தா அடுத்த முறை லிப்டில் பார்த்தபோது பையனுக்கு மிட்டாய் கொடுத்தார். நோட்டீஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் பேசுகிற ஊர் சார் அது.

சின்னதை 'யோச்சியென்' என்ற மழலையர் பள்ளியில் சேர்த்தோம். அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போனால் நாள் பூரா பார்த்துக்கொள்கிற 'ஹோயிகுஎன்' உண்டு. என் மனைவி வந்தது குடும்ப விசாவில். அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஊரில் எட்டு வருஷம் பாங்கில் இருந்தவள். "இருபத்தெட்டு மணி நேரத்துல நான் யாருங்க?" என்று ஒருநாள் கேட்டாள். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

பள்ளியிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. நாற்பது சென்டிமீட்டருக்கு முப்பது அளவில் துணிப்பை, ஷூவுக்கு ஒரு பை, டம்ளருக்கு ஒரு பை, மூன்றையும் முடிந்தால் அம்மாவே தைக்கவும். எல்லாவற்றிலும் பெயர். எல்லாவற்றிலும் என்றால், கிரேயான் ஒவ்வொன்றிலும் என்று அர்த்தம். பெரியவனுக்கு ஒண்ணாங்கிளாஸ் கணக்குப் பெட்டி வந்ததே, அதில் எண்ணிப் பழகுகிற பிளாஸ்டிக் குச்சி ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரா நானும் அவளும் ஒட்டினோம். கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இவ்வளவு விலாசம் ஒட்டவில்லை.

அப்புறம் டிபன் பாக்ஸ். மற்றக் குழந்தைகளின் டப்பாவில் சாதத்தில் செய்த பாண்டா கரடி, காரட்டில் வெட்டிய பூ, கடல்பாசியில் கண்ணும் மூக்கும். எங்கள் வீடு சைவம். தாவரம் மாதிரி தெரிகிற ஜப்பானியச் சாப்பாட்டில்கூட 'தாஷி' என்ற சாறு ஒளிந்திருக்கும், பெரும்பாலும் மீன் கருவாட்டைக் கொதிக்க வைத்து எடுத்தது. மிசோ சூப்பிலும் அதுதான். எனவே எங்கள் டப்பாவில் எலுமிச்சை சாதம். அதைப் பார்த்துப் பக்கத்துக் குழந்தை "மஞ்சள் சோறு!" என்று கத்தியதாக டீச்சர் எழுதி அனுப்பினார். மறுநாள் மனைவி அந்த மஞ்சள் சோற்றையே உருட்டி, மிளகில் கண் வைத்துக் கோழிக்குஞ்சாக அனுப்பிவிட்டாள். தஞ்சாவூர்க்காரியை லேசில் தோற்கடிக்க முடியாது.

இதெல்லாம் சிரிக்கிற விஷயங்கள். சிரிக்க முடியாத ஒன்று இருந்தது. சின்னது பள்ளியில் பேசவில்லை.

ஏப்ரலில் சேர்ந்தது. ஏப்ரல் போச்சு, மே போச்சு. வீட்டில் வாய் ஓயாத குழந்தை, பள்ளி வாசலில் ஷூவைக் கழற்றும்போதே வாயையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடும். அழுகை இல்லை, அடம் இல்லை. ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும். தினமும் ஒரு நோட்டுப் புத்தகம் வீட்டுக்கு வரும். நாம் காலையில் உடம்புச் சூடு எவ்வளவு, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கியது என்று எழுத வேண்டும். சாயங்காலம் டீச்சர் பதில் எழுதுவார். போனை அதன் மேல் பிடித்து மொழிபெயர்த்துப் படிப்போம். 'இன்று நத்தையை இருபது நிமிடம் பார்த்தாள்.' 'இன்று பாட்டு நேரத்தில் வாய் அசையவில்லை, கால் அசைந்தது.' ஒருநாளும் 'பேசவில்லை' என்று அந்த டீச்சர் எழுதவில்லை.

புது மொழிக்குள் விழுந்த குழந்தைகள் சில மாசம் இப்படி மௌனமாக இருப்பது சகஜம் என்று டாக்டர் சொன்னார். சகஜம் என்ற வார்த்தை டாக்டருக்குத்தான் சகஜம். ஊரிலிருந்து அம்மா போனில், "புள்ளைய இப்படி ஊமையாக்கவா கூட்டிட்டுப் போனே? என்கிட்ட கொண்டாந்து விட்டுடு ராசா" என்றாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் போனில் சென்னை டிக்கெட் விலை திறந்தபடி இருந்ததை இரண்டு முறை பார்த்தேன். மூன்று டிக்கெட்.

ஜூலை வரை பார்ப்போம் என்று முடிவு பண்ணினோம். ஜூன் கடைசியில் மழை கொட்டின ஒருநாள் நோட்டில் வழக்கத்தை விடப் பெரிய எழுத்து. ஒரு பையன் நத்தை டப்பாவைக் கவிழ்க்கப் போயிருக்கிறான். எங்கள் வீட்டு மௌனச் சாமியார் இடுப்பில் கை வைத்து "தமே!" என்று அதட்டியிருக்கிறது. கூடாது என்று அர்த்தம். முதல் வார்த்தையே அதிகாரம். மனைவி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினாள். டிக்கெட் பக்கம் மூடப்பட்டது.

பெரியவன் பிரச்னை வேறு மாதிரி. அங்கே ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்தே போகின்றன. அப்பா பைக்கில் கொண்டுவிடுவதெல்லாம் கிடையாது. எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று பள்ளியே வழி வகுத்துக் கொடுக்கும். மஞ்சள் தொப்பி, முதுகில் 'ரன்தோசெரு' என்கிற விறைப்பான பெட்டிப் பை, அதில் கயிற்றை இழுத்தால் அலறுகிற ஒரு கருவி. முக்கில் வயசானவர்கள் கொடி பிடித்து ரோடு கடக்க வைப்பார்கள். ஊரில் பக்கத்துப் பெட்டிக் கடைக்கே தனியாக அனுப்பாத பையன் சார் இவன். முதல் வாரம் நான் நாற்பதடி தள்ளிப் பின்னாலேயே நடந்தேன். கொடி பிடித்த பாட்டியம்மா எனக்கும் கொடி காட்டி ரோடு கடக்க வைத்தார்.

கிளம்பும்போது அவன் "இத்தெகிமாஸ்" என்று கத்துவான். 'இத்தெ' என்றால் போய், 'கிமாஸ்' என்றால் வருகிறேன். அப்படியே நம் போயிட்டு வரேன். போறேன் என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது என்று என் பாட்டி திட்டுவாள். அந்த ஊர்ப் பாட்டியும் திட்டியிருப்பாள் போல. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற மொழியறிஞர் பல வருஷம் வாதாடினார். 2008-ல் காலமானார். மொழியியல்காரர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளவில்லை. நமக்கு அந்தச் சண்டை வேண்டாம். ஆனால் வாக்கிய அமைப்பு ஒன்றுதான். நான், சோறு, சாப்பிடுகிறேன் என்ற அதே வரிசை. இங்கிலீஷில் தலைகீழாக நிற்கிற நமக்கு ஜப்பானியத்தில் காலூன்றி நிற்க முடிகிறது. எழுத்துதான் கொல்லும்.

பள்ளியில் ஆயா கிடையாது. பிள்ளைகளே வகுப்பைக் கூட்டித் துடைக்கின்றன, வெள்ளை மேலங்கி போட்டுச் சாப்பாடு பரிமாறுகின்றன. பூகம்ப ஒத்திகை அடிக்கடி நடக்கும். ஒரு ராத்திரி வீட்டில் லைட் ஆடியது. நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்குள் பையன் தங்கையை இழுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டான். "அப்பா, தலை! தலை!" என்று கீழேயிருந்து உத்தரவு வேறு. சின்ன ஆட்டம்தான். 2011 மார்ச் 11-ல் 9.0 அளவில் ஆடிய தேசம் அது. அவர்கள் இதற்கெல்லாம் காபியைக் கீழே வைப்பதில்லை.

ஒரு வருஷத்தில் காற்று திசை மாறிவிட்டது. பேசாத குழந்தை இப்போது தூக்கத்தில் ஜப்பானியத்தில் பேசுகிறது. விளையாட்டில் அண்ணனும் தங்கையும் அடித்துக்கொள்வது ஜப்பானியத்தில். தமிழ் எங்களிடம் சாப்பாடு கேட்க மட்டும். அதிலும் வாக்கியத்துக்கு வாக்கியம் 'நே' என்று ஒரு வால். நம் 'இல்லையா' மாதிரி. "பாட்டி, சாப்டியா நே?" அம்மா போனில், "என்னடா இது, ஆட்டுக்குட்டி மாதிரி?" என்கிறாள்.

இங்கேதான் எங்கள் வீட்டில் விவாதம். டோக்கியோவில் நம் பாடத்திட்டத்தில், சி.பி.எஸ்.இ.யில், நடக்கிற இந்தியப் பள்ளிகள் 2004-லிருந்து இருக்கின்றன. நாளைக்கு ஊர் திரும்பினால் தொடரலாம். ஆனால் மாசாமாசம் கட்டணம். பக்கத்து வார்டுப் பள்ளியில் சம்பளம் கிடையாது. வெளிநாட்டுப் பிள்ளையைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை, கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள். அங்கே ஆறு வருஷம் படித்த பிள்ளையைத் தஞ்சாவூரில் ஏழாம் வகுப்பில் உட்கார வைக்க முடியுமா? முடியாது என்றால், நாம் திரும்பப் போகிறோமா இல்லையா என்பதை இப்போதே முடிவு செய்தாக வேண்டும். விசா என் ஆபீஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நிரந்தரக் குடியிருப்புக்குப் பொதுவாகப் பத்து வருஷம். முடிவு செய்யத் தெரியாத விஷயத்துக்குக் கடைசித் தேதி போட்ட படிவம் வருவதுதான் வெளிநாட்டு வாழ்க்கை.

போன மாசம் படிவத்தில் வார்டுப் பள்ளி என்று எழுதிக் கொடுத்தோம். மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். தினமும் ஒரு மணி நேரம் தமிழ், வீடியோவில், பாட்டிதான் டீச்சர். அவள் இப்போது ஒரு கணக்கு ஆபீஸில் அந்த 28 மணி நேர வேலை பார்க்கிறாள். ஜப்பானியப் பரீட்சைக்கும் படிக்கிறாள்.

நேற்று அம்மாவிடம் கேட்டேன், பாடம் எப்படிப் போகுது என்று.

"பரவால்லப்பா. ஔ வரைக்கும் எழுதிட்டா. எனக்குத்தான் ஆறுக்கு மேல வரமாட்டேங்குது. இச்சி, நி, சான், ஷி, கோ, ரொக்கு... அப்புறம் என்னடா?"