வேண்டுவது வாயிற்கதவு அன்று, நடைபாதை

நகரங்களில் புதிய அடுக்குமாடித் தொகுப்பு ஒன்று அறிவிக்கப்பட்டவுடன், அக்கம்பக்கத்தில் குடியிருப்போர் எழுப்பும் முதற்கேள்விகளில் ஒன்று போக்குவரத்தைப் பற்றியது. ஏற்கெனவே நெரியும் தெருவில் இன்னும் ஆயிரம் வண்டிகள் வந்தால் பள்ளிப் பிள்ளைகள் எவ்வாறு சாலையைக் கடப்பார்கள்? முதியோர் எங்கே நடப்பார்கள்? இக்கேள்வியை எதிர்கொள்வதில் இடதுசாரி அணிகளிடையே இருவகைத் தவறுகள் நேர்கின்றன. ‘இது கார் வைத்திருப்போரின் கவலை’ என ஒதுக்கிவிடுவது ஒன்று. குடியிருப்போர் நலச் சங்கம் எழுதித்தரும் மனுவில் அப்படியே கையொப்பமிடுவது மற்றொன்று. இரண்டும் உழைக்கும் மக்களைக் கைவிடுகின்றன.

முதல் தவறைப் புள்ளிவிவரமே மறுக்கிறது. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இவ்விரு பிரிவினர் மட்டுமே பத்தில் ஆறு பேருக்கு மேல். விடியலில் வீட்டுவேலைக்கு நடந்து செல்லும் பெண்ணும், உணவுப் பொட்டலத்தோடு விரையும் இளைஞனும் சாலையில் செலுத்தும் விலை இது. தெருவின் பாதுகாப்பு ஒரு வர்க்கப் பிரச்சினை. அதை எவருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியாயின் நெரிசலை உண்டாக்குவது யார்? தலைநகர் தில்லியே விடை சொல்கிறது. 2016 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை, தெற்குத் தில்லியில் சரோஜினி நகர், நௌரோஜி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசு ஊழியர் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட ஒப்புதல் அளித்தது. 12,970 வீடுகளின் இடத்தில் சுமார் 25,667 வீடுகள். முப்பதாண்டுப் பராமரிப்பையும் சேர்த்து மதிப்பீடு 32,835 கோடி ரூபாய். ஊழியர்களுக்கு வீடு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கான பணத்தைக் கருவூலத்திலிருந்து தர அரசு முன்வரவில்லை. நௌரோஜி நகரிலும் சரோஜினி நகரின் சில பகுதிகளிலும் வணிகக் கட்டடப் பரப்பை விற்றுச் செலவை ஈட்டுவதென முடிவாயிற்று. பொதுநிலத்தில் அலுவலகக் கோபுரங்கள் எழவேண்டிய கட்டாயம் அங்கேதான் பிறந்தது. எய்ம்ஸ், சப்தர்ஜங் என்னும் இரு பெரும் மருத்துவமனைகளுக்கு ஏழை நோயாளிகள் பல மாநிலங்களிலிருந்தும் வந்து சேரும் வட்டச்சாலைப் பகுதியில் இத்தனையும்!

2018இல் இத்திட்டத்திற்காக ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்படவிருந்தபோது தில்லி மக்கள் தெருவில் இறங்கினர். உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மரங்களைப் பற்றி எழுந்த குரல் தெருவைப் பற்றியும் எழவேண்டியதே. அத்தெருக்களுக்கு வரும் வண்டிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது, வீடு கேட்ட ஊழியரின் தேவையைவிட, நிலத்தை விற்றே எதையும் செய்வோம் என்ற கொள்கைதான்.

சட்டம் இதற்குத் துணைநிற்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டுமானங்களுக்கு முன்அனுமதியைக் கட்டாயமாக்கியது. வாகனங்கள் நிறுத்த இடப் பற்றாக்குறை ஏற்படுமா, நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் போக்குவரத்து எவ்வாறு ஒழுங்குபடுத்தப்படும், நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் எங்கே என்றெல்லாம் அதன் படிவம் கேட்கிறது. விடை எழுதுபவரோ கட்டுமான முதலாளியே, அல்லது அவர் கூலி கொடுத்து அமர்த்திய ஆலோசகர். அந்தத் தெருவில் அன்றாடம் நடப்பவரை எவரும் கேட்பதில்லை; ஏனெனில் கட்டுமானத் திட்டங்களையும் நகரியத் திட்டங்களையும் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து பொதுவாக விலக்கியதும் அதே அறிவிக்கைதான். தேர்வெழுதுபவரே விடைத்தாளைத் திருத்துவதற்கு ஒப்பான ஏற்பாடு இது.

விபத்து நிகழ்ந்த பின்னரும் நிலை மாறுவதில்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ பாதுகாப்புத் தரம் பேணப்படாமல் உயிர்ச்சேதம் அல்லது உடல் ஊனம் நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. ஓர் உயிரின் உச்சவிலை அவ்வளவே. ஆயிரம் வண்டிகளைக் குறுகிய தெருவுக்குள் திறந்துவிட்ட கட்டுமான நிறுவனம் இப்பிரிவின் பார்வையிலேயே படுவதில்லை.

இனி இரண்டாவது தவறு. வசதிபடைத்த பகுதிகளின் நலச் சங்கங்கள் பல, நியாயமான இந்த அச்சத்தை எடுத்து அநியாயமான கோரிக்கையாக மாற்றுகின்றன. புதிதாக வருவோரைத் தடு, தள்ளுவண்டிக்காரரை அகற்று, பொதுத்தெருவுக்கு இரும்புக்கதவு போட்டு இரவில் பூட்டு என்கின்றன. தம் உறுப்பினர் வீட்டுக்கு இரண்டு மூன்று கார்கள் வைத்து நடைபாதையை அடைப்பதை அவை பேசுவதில்லை. கதவு பூட்டிய தெருவைச் சுற்றிக்கொண்டு, வண்டிகள் சீறிப்பாயும் பெருஞ்சாலையில் நடந்து போகிறார், அதே வீடுகளில் பாத்திரம் துலக்கும் தொழிலாளி. ஒருவரின் பாதுகாப்பு மற்றவரின் ஆபத்தாகிறது. முதலாளித்துவம் குடியிருப்புப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, வேறிடத்திற்குத் தள்ளிவிடுகிறது என்று 1872இலேயே எங்கெல்ஸ் விளக்கினார். சாலை ஆபத்தும் அப்படியே இடம் பெயர்க்கப்படுகிறது.

ஆகவே, குடியிருப்போரின் கூட்டங்களுக்குத் தோழர்கள் செல்லவேண்டும். தெளிவான கோரிக்கைகளோடு செல்லவேண்டும். கட்டுமானத் திட்டங்களுக்கும் பொதுக் கருத்துக்கேட்பு கட்டாயமாக்கப்படவேண்டும். போக்குவரத்து ஆய்வைக் கட்டுமான நிறுவனத்தின் செலவில், ஆனால் அது தேர்ந்தெடுக்காத பொது அமைப்பொன்று நடத்தவேண்டும். அறிக்கை மக்கள் மொழியில் வெளியாகவேண்டும். நடைபாதை, கடக்கும் இடம், பேருந்து நிறுத்தம் ஆகியவை அமையுமுன் குடிபுகும் சான்றிதழ் வழங்கலாகாது. அத்தொகுப்பிலேயே உழைப்பாளருக்குக் கட்டுப்படியாகும் வீடுகள் வேண்டும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் காக்கப்படவேண்டும். பூட்டிய பொதுத்தெருக்கள் திறக்கப்படவேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகையுள்ள நகரங்களில் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியுள்ளது. காகிதத்தில் உறங்கும் அக்குழுக்களை இப்போராட்டமே எழுப்பமுடியும்.

பழைய குடியிருப்பின் மூதாட்டியும், புதிய கட்டடத்தில் கல் சுமக்கும் தொழிலாளியும், நாளை அங்கே குடிவரும் ஊழியரும் ஒரே தெருவைத்தான் கடக்கவேண்டும். அம்மூவரையும் ஒரே கோரிக்கையின்கீழ்த் திரட்டுவதே கட்சியின் பணி.