கம்பி அறுந்த நேரம்

ஆழ்கடலின் அடித்தளம் அசைவற்றுக் கிடக்கிறது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை உடைத்த பெருமையில் பாதி, தந்தி நிலையங்களில் நேரத்தைப் பதிந்து காத்த பெயர் தெரியாத ஊழியர்களுக்கு உரியது என்பது என் கட்சி.

1929 நவம்பர் 18-ஆம் நாள் மாலை, கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே, கிராண்ட் பாங்க்ஸ் என்னும் கடலடி மேட்டின் விளிம்பில் 7.2 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த பேரலை 28 உயிர்களைக் கொண்டு போயிற்று. அட்லாண்டிக்கின் அடியில் கிடந்த தந்திக் கம்பிகளில் 12 அறுந்தன. நடுக்க மையத்தை ஒட்டியவை உடனே அறுந்ததில் வியப்பில்லை. ஆனால் தெற்கே ஆழத்தில் கிடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை பிசகாமல் அறுந்தன. கடைசிக் கம்பி அறுந்தபோது 13 மணி 17 நிமிடம் கழிந்திருந்தது! நில அதிர்ச்சி இவ்வளவு மெதுவாகவா நடந்து போகும்?

செய்தி நின்ற நேரம் நிமிடக் கணக்கில் பதிவாகியிருந்தது. மின்தடையை அளந்து, அறுந்த இடங்களையும் கண்டிருந்தார்கள். தூரமும் நேரமும் கையில் இருந்தும், புரூஸ் ஹீசன், மாரிஸ் யூயிங் என்ற இருவர் 1952-இல் அவற்றைச் சேர்த்துப் படித்துக் காட்டும் வரை உண்மை விளங்கவில்லை. நடுக்கத்தில் சரிந்த மண் நீரோடு கலந்து கலங்கல் நீரோட்டமாகியிருந்தது. சேற்றுநீர் தெளிந்த நீரைவிடக் கனமானது. ஆகவே மேலே எழாமல் தரையோடு தரையாகச் சரிவில் இறங்குகிறது. போகிற வழியில் தரையை அரித்து, இன்னும் கனத்து, இன்னும் விரைகிறது. கடலடிப் பள்ளத்தாக்குகளைக் குடைவதில் இத்தகைய ஓட்டங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. சமவெளியில் வேகம் குன்றியதும் முதலில் பரல், அடுத்து மணல், கடைசியில் மென்களிமண் என்று படிகின்றன. குவளை நீரில் ஆற்றுமண்ணைக் கலக்கி வைத்தால் இந்த வரிசையை நாமே காணலாம். அன்று படிந்த வண்டல் நூறு கன கிலோமீட்டருக்கும் மேல்.

ஹீசனும் யூயிங்கும் கணக்கிட்ட உச்ச வேகம் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். பின்வந்தவர்கள் அதை 70 அளவுக்குக் குறைத்தார்கள். குறைப்பதற்கும் அதே நேரக் குறிப்புகள்தாம் உதவின.

நம் ஆய்வுக்கூடத்தில் நடப்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. விடையை முதலில் எழுதிவிட்டு, அளவுகளைப் பின்னால் பொருத்துகிறோம். நானும் செய்திருக்கிறேன். அன்று ஒருவர் ‘இரவு ஏதோ ஒரு நேரம்’ என்று எழுதியிருந்தால், அந்தச் சேற்றின் வேகத்தை எவரால் கணக்கிட்டிருக்க முடியும்?

சென்ற வாரம் மணல் நீரில் படியும் வேகத்தைத் திரும்ப அளந்தேன். விடை புத்தகத்தோடு ஒத்துவரவில்லை. அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.