வீட்டுப் பொறிகள்: இருண்ட திரை



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லக்ஷ்மிபாய் நகரில் உள்ள என் தமக்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். வாசலிலேயே மருமகன் முகம் வாடி நின்றான். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் லக்ஷ்மிபாய் நகர்ப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. அண்டை வீட்டுச் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தோடு, பாட்டி பொங்கலுக்குக் கொடுத்ததையும் கூட்டி, 12,000 ரூபாய்க்குப் பழைய ‘பிளே ஸ்டேஷன் 4’ ஒன்று வாங்கியிருந்தான். விற்றவர் வீட்டுப் பெரிய தொலைக்காட்சியில் படம் பளிச்சென்று தெரிந்ததாம். இங்கே கொண்டுவந்து மாட்டினால் திரை இருண்டு போய், ஒரு மூலையில் ‘இந்த வடிவத்தை ஏற்க இயலாது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் தோன்றுகிறது.

“மாமா, உள்ளே போர்டு போய்விட்டது என்று கடைக்காரர் சொல்கிறார். 4,000 ரூபாய் ஆகுமாம்” என்றான். அத்தானோ, “போனது போகட்டும், பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடு” என்று தீர்ப்பே கூறிவிட்டார். பிள்ளையின் கண்கள் கலங்கிவிட்டன. எனக்கும் மனம் பொறுக்கவில்லை. பெட்டி ஒலி எழுப்புகிறது, விளக்கும் எரிகிறது. உயிருள்ளதைப் பிணமென்று சொல்வானேன்?

புக்கிங் ஆபீசில் பணி புரிகிறவன் ஆதலால், எனக்குத் தெரிந்த வழியிலேயே இதைச் சொல்கிறேன். அடுத்த நிலையத்தார் ‘லைன் கிளியர்’ கொடுத்தால்தான் இந்த நிலையத்திலிருந்து வண்டி புறப்படும். எச்.டி.எம்.ஐ. கம்பியிலும் இவ்வாறே ஒரு சம்பாஷணை நடைபெறுகிறது. தன்னால் எவ்வளவு நுணுக்கமான படத்தை வாங்க முடியும் என்பதைத் தொலைக்காட்சி முதலில் தெரிவிக்கும். விளையாட்டுப் பெட்டி அதற்கேற்ற படத்தை அனுப்பும். ஆனால் முன்பு வைத்திருந்தவர் ‘இந்த அளவில்தான் அனுப்ப வேண்டும்’ என்று கையால் நிர்ணயித்து வைத்திருந்தால், பெட்டி அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

என் தமக்கை வீட்டில் இருப்பது பழைய 32 அங்குலத் தொலைக்காட்சி. அட்டையில் ‘எச்.டி. ரெடி’ என்று பெருமையாக எழுதியிருப்பார்களே, அந்த ஜாதி. அதன் திரையில் குறுக்கே 1366 புள்ளிகள், நெடுக்கே 768 புள்ளிகள். ஆகப் பத்தரை லட்சம் புள்ளிகளுக்குச் சற்றுக் குறைவு. பெட்டி அனுப்பியதோ 1920க்கு 1080, அதாவது இருபது லட்சத்துக்கு மேல். இத்தகைய தொலைக்காட்சிகளில் பல அந்த அளவையும் வாங்கித் தாமே சுருக்கிக் காட்டிவிடும். சில மறுத்துவிடும். இது மறுக்கும் ரகம்.

நிற்க. இனி வைத்தியம். பெட்டியை முழுவதும் அணைக்க வேண்டும்; உறங்கும் நிலையில் விடுவது போதாது. பிறகு மின் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் ஒரு ‘பீப்’ கேட்கும். கையை எடுக்கலாகாது. ஏறக்குறைய ஏழு விநாடி கழித்து இரண்டாவது ‘பீப்’ கேட்டதும் விடவேண்டும். இதற்குச் ‘சேஃப் மோடு’ என்று பெயர். பெட்டி மிகக் குறைந்த அளவில் படத்தை அனுப்புமாதலால், எந்தத் தொலைக்காட்சியும் அதை ஏற்றுக்கொள்ளும்.

திரையில் எழுத்துக்கள் தோன்றியதும் மருமகன் கூவிய கூவல் மாடிவரை கேட்டிருக்கும்! ஆயினும் உடனே வேறொரு தடை முளைத்தது. இந்த நிலையில் கைப்பிடியைக் கம்பி வழியாகத்தான் இணைக்க வேண்டும். அவன் இணைத்தும் அது அசையவில்லை. அரை மணி நேரம் விழித்த பின்னரே, அந்தக் கம்பி மின்னூட்டத்திற்கு மட்டும் ஆனது, செய்தியைக் கடத்தாது என்று விளங்கிற்று. அத்தானுடைய பழைய கைப்பேசிக் கம்பியை மாட்டியதும் வேலை செய்தது. (பழைய இரும்புக்காரனைப் பற்றி அவர் அதன்பின் வாய் திறக்கவில்லை.)

அங்கே தோன்றும் ஏழு வரிகளில் இரண்டாவது, படத்தின் அளவை மாற்றுவது. பிளே ஸ்டேஷன் 5 உள்ளவர்கள் ‘வீடியோ அவுட்புட்’ மாற்றும் வரியைப் பார்க்க வேண்டும். ஆறாவது ஏழாவது வரிகளின் பக்கம் கை போகலாகாது. அவை சேமித்து வைத்த ஆட்டங்கள் அனைத்தையும் அழித்துவிடும். இரண்டாவதைத் தேர்ந்து மறுபடி இயக்கியதும் படம் வந்தது. பின்னர் அமைப்புகளுக்குள் சென்று அளவை ‘ஆட்டோமேட்டிக்’ என்று வைத்தோம். 720 வரிகளில் படம் நிலையாக நின்றது.

ஆனால் ஓரங்கள் வெட்டுண்டிருந்தன; ஆட்டத்தின் எண்ணிக்கை பாதிதான் தெரிந்தது. இது படக்குழாய்க் காலத்து வழக்கத்தின் மிச்சம். 1959இல் இதே தில்லியில் தொலைக்காட்சி தொடங்கிய நாளில் இருந்தவை குழாய்ப் பெட்டிகள். அவற்றின் ஓரங்களில் படம் நேராக நில்லாது என்பதால், சற்றுப் பெரிதாக்கி விளிம்பைச் சட்டத்துக்குப் பின்னே மறைத்தார்கள். குழாய் போயும் அவ்வழக்கம் போகவில்லை. தொலைக்காட்சியின் ‘பிக்சர் சைஸ்’ பகுதியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்பதைத் தேர்ந்தால் சரியாகிவிடும். அது இல்லாத தொலைக்காட்சியாயின், பெட்டியின் அமைப்புகளிலேயே காட்சிப் பரப்பைச் சுருக்கிக்கொள்ளலாம்.

புதிதாக ‘4கே’ தொலைக்காட்சி வாங்கியுள்ள அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் 82 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். விநாடிக்கு 60 படங்கள் வீதம் அவ்வளவையும் கடத்த, விநாடிக்கு 18 கிகாபிட் தாங்கும் கம்பி வேண்டும். படம் விட்டு விட்டு மின்னினால், பெட்டியோடு வந்த கம்பியையே மாட்டிப் பாருங்கள். பல தொலைக்காட்சிகளில் எல்லாத் துளைகளும் ஒன்றல்ல. எந்தத் துளை முழு வேகத்தை ஏற்கும் என்பது கையேட்டில் இருக்கும். அத்துளைக்கு மட்டும் அமைப்புகளில் தனியே அனுமதி கொடுக்க வேண்டிய தொலைக்காட்சிகளும் உண்டு.

கடைக்காரரை நான் குறை கூறவில்லை. தம் கடைத் திரையில் அவர் ஒரு முறை மாட்டிப் பார்த்திருக்கலாம், அவ்வளவே. நான் விடைபெறும்போது இரவு எட்டு மணி. மருமகன் கைப்பிடியைக் கீழே வைக்க மனமின்றி அமர்ந்திருந்தான். தமக்கையின் மாமியார் தம் தொடருக்கு நேரமாயிற்று என்று ரிமோட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.